பள்ளி ப்ராஜெக்ட்டில் ஆதாரம் குறிப்பது எப்படி: பெங்களூருத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ப்ராஜெக்ட் தாளின் கடைசி வரியில் 'பிப்ளியோகிராஃபி கட்டாயம்' என்று போட்டிருப்பார்கள். தகவலை எங்கிருந்து எடுத்தோம் என்று காட்டும் ஆதாரப் பட்டியல்தான் அது. அதை எப்படி எழுதுவது என்று பல வகுப்புகளில் சொல்லித் தருவதில்லை. ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவு பிள்ளை வந்து நிற்கும். 'கூகுள், விக்கிபீடியா, யூடியூப்' என்று மூன்று வரி எழுதி, ஸ்பைரல் போட்டு அனுப்பிவிடுகிறோம். அந்த மூன்றும் ஆதாரமே இல்லை. நூலகத்தில் படித்த புத்தகத்துக்கு 'நூலகம்' என்று எழுதி வைப்பதைப் போன்றதுதான் அது.

ஆதாரப் பட்டியல் கடைசி நாள் வேலை என்று நினைப்பதுதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். புத்தகத்தைத் திறந்த நிமிடமே விவரத்தை எழுதிவிட்டால் கடைசி நாளில் அடுக்குவது மட்டும்தான் பாக்கி. எழுதாமல் விட்டால் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று தேடுவதிலேயே இரவு போய்விடும். கீழே உள்ள வரிசை அதை வைத்துப் போட்டது.

1. பள்ளி என்ன கேட்கிறது என்று முதல் நாளே கேளுங்கள்

போர்டுக்குப் போர்டு எதிர்பார்ப்பு மாறும். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் ப்ராஜெக்ட் 15 பக்கத்தைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் ப்ராஜெக்ட் 3,500 முதல் 4,000 சொற்கள், கையெழுத்தில் இருந்தால் நல்லது என்கிறார்கள். ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆதாரம் எழுதும் பாணி எது என்பதைப் பள்ளியே முடிவு செய்யலாம். ஆனால் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பக்கம், இணையமென்றால் முகவரியும் பார்த்த தேதியும் இருந்தே ஆக வேண்டும்.

டீச்சரிடம் மூன்று கேள்வி போதும். டைரியிலோ பள்ளி ஆப்பிலோ எழுதிக் கேளுங்கள், பதிலும் எழுத்தில் இருக்கட்டும்.

எந்தப் பாணி? எம்எல்ஏ, ஏபிஏ இரண்டும் ஆதாரம் எழுதுவதற்கான பாணிகள். எம்எல்ஏ என்றால் 2021-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு, ஏபிஏ என்றால் 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு. பழைய பதிப்பை வைத்து அச்சடித்த கையேடுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

கடைசியில் பட்டியல் மட்டும் போதுமா, வரிக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள்ளும் வேண்டுமா?

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தினால் எப்படிக் காட்ட வேண்டும்?

'எதுவானாலும் பரவாயில்லை' என்று பதில் வந்தால் எம்எல்ஏவை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்குப் பக்கத்தில் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் போட்டால் முடிந்தது. ஏபிஏ ஆண்டை முன்னால் கொண்டுவரும். புதிய தகவலா பழைய தகவலா என்பது முக்கியமாக இருக்கும் அறிவியல், கணக்கெடுப்பு ப்ராஜெக்ட்டுகளுக்கு அது பொருத்தம். ஒரே ப்ராஜெக்ட்டில் இரண்டையும் கலப்பது மட்டும் கூடாது.

2. வயதுக்குத் தக்கபடி கேளுங்கள்

மூன்றாவது படிக்கும் குழந்தையிடம் எம்எல்ஏ பேச வேண்டாம். வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்போம் இல்லையா, பக்கத்து வீட்டுக்குப் போனாலும் யாருடையது என்று தெரியும். புத்தகத்திலிருந்து எடுத்த வரிக்கும் அப்படித்தான் என்று சொன்னால் புரிந்துகொள்ளும். ஐந்தாவது வரை தலைப்பும் எழுதியவர் பெயரும் போதும். ஆறிலிருந்து எட்டு வரை பதிப்பகம், ஆண்டு, பக்கம் சேரட்டும். ஒன்பதுக்கு மேல் முழுப் பாணியும் வரிக்குள் குறிப்பதும் பழக வேண்டும். பத்தாவதில் திடீரென்று ஆரம்பிப்பதுதான் கஷ்டம்.

3. மூலச்சீட்டு போடுங்கள்

தனி நோட்டு ஒன்று, அல்லது ஏ4 தாளை நான்காக வெட்டிய சீட்டுகள். செலவு ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும். ஒரு மூலத்துக்கு ஒரு சீட்டு. மேலே எண் போடுங்கள்: 1, 2, 3. சீட்டில் இவை இருக்க வேண்டும்:

எழுதியவர் அல்லது நிறுவனம், தலைப்பு, பதிப்பகம் அல்லது தளத்தின் பெயர், ஆண்டு அல்லது முழுத் தேதி, பக்கம், வீடியோவானால் நிமிடமும் நொடியும், இணைய முகவரியும் பார்த்த தேதியும்.

குறிப்பெடுக்கும் நோட்டில் ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் சீட்டு எண்ணையும் பக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள்: '3, ப. 41'. அப்படியே பார்த்து எழுதிய வரியானால் மேற்கோள் குறிக்குள் போட்டு, சிவப்பு மையில் எழுதட்டும். சொந்தச் சொல்லில் எழுதியது நீலத்தில். மையைப் பிரிப்பது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் இரண்டு வாரம் கழித்து எது தன் வரி, எது புத்தகத்து வரி என்று பிள்ளைக்கே மறந்துபோகும். தெரியாமல் நடக்கும் காப்பியில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது.

கப்பன் பூங்காவில் இருக்கும் மாநில மத்திய நூலகம், அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகம் போன்ற இடங்களில் புத்தகத்தைக் கையோடு கொண்டுவர முடியாமல் போகலாம். அனுமதி கேட்டுக்கொண்டு செல்போனில் நான்கு படம் எடுங்கள்: அட்டை, தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், தேவையான பக்கம். கடைசிப் படத்தில் பக்க எண் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். விழாவிட்டால் அந்த ஒரு எண்ணுக்காக மறுபடி கப்பன் பார்க் வரை போக வேண்டியிருக்கும். ஜெராக்ஸ் எடுத்தாலும் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்தே எடுங்கள். இரண்டு மூன்று ரூபாய்தான்.

4. ஆண்டைச் சரியாக எடுக்கப் பழக்குங்கள்

ஆண்டு அட்டையில் இருக்காது. தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தில் இருக்கும். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

என்சிஇஆர்டி பாடநூலில் முதற்பதிப்புக்கு எதிரே ஆங்கில மாதமும் ஆண்டும் இருக்கும், அதோடு இந்திய தேசிய நாட்காட்டியின் சக ஆண்டும் இருக்கும். 2006 பிப்ரவரியில் வந்த நூலில் 'பால்குணம் 1927' என்று பார்ப்பீர்கள். பிள்ளை 1927 என்று எழுதிவிட்டு, சுதந்திரத்துக்கு முன்பே வந்த புத்தகம் போலிருக்கிறது என்று நம்பிவிடும். சக ஆண்டோடு 78 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஜனவரியிலிருந்து மார்ச் 21 வரையானால் 79.

தமிழ் நூல்களில் வேறொரு கணக்கு. சில பதிப்பகங்கள் திருவள்ளுவர் ஆண்டைப் போடும். அதிலிருந்து 31 கழியுங்கள்: 2055 என்றால் 2024.

மறுபதிப்பு இன்னொரு பொறி. அதே என்சிஇஆர்டி பக்கத்தில் மறு அச்சு ஆண்டுகள் வரிசையாக இருக்கும். கையில் இருக்கும் பிரதி எந்த ஆண்டுடையதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022-இல் பாடங்களைக் குறைத்தபோது பல நூல்களில் பக்க எண்களே மாறிவிட்டன. அண்ணன் படித்த பழைய புத்தகத்திலிருந்து 'ப. 63' என்று எழுதினால் டீச்சரின் புதிய புத்தகத்தில் அங்கே வேறு பாடம் இருக்கும். இணையத்திலிருந்து இறக்கிய பாடமானால் மறு அச்சு ஆண்டு பக்கத்தின் அடியிலேயே இருக்கும்.

இதே நூலுக்குப் பாணியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எழுதிய நிறுவனமும் வெளியிட்ட நிறுவனமும் ஒன்றே என்றால் எம்எல்ஏவில் தலைப்பில் தொடங்கி, நிறுவனத்தைப் பதிப்பகமாக மட்டும் காட்டுவார்கள். ஏபிஏவில் நிறுவனத்தை ஆசிரியர் இடத்தில் போட்டுப் பதிப்பகத்தை விட்டுவிடுவார்கள். இரண்டு முறை எழுதினால் தவறு.

5. பட்டியலில் இனிஷியலை முன்னால் போடாதீர்கள்

பாணி நூல்கள் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்லும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? சி.வி. ராமன் என்றால் பட்டியலில் 'ராமன், சி. வி.' என்று வரும். இனிஷியல் எப்போதும் பின்னால். தானாகப் பட்டியல் போடும் கருவியில் 'ராமன் சி.வி.' என்று கொடுத்தால் அது கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'சி.வி., ராமன்' என்று போட்டுவிடும். அகர வரிசையும் அதோடு கெடும். பெயருக்குத் தனித்தனிப் பெட்டி இருந்தால் 'ராமன்' என்பதைக் குடும்பப் பெயர்ப் பெட்டியிலும் இனிஷியலை முதற்பெயர்ப் பெட்டியிலும் நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள். ஊர்ப் பெயரை முதல் எழுத்தாக வைக்கும் கன்னடப் பெயர்களுக்கும் இதே வழி. புனைபெயரில் எழுதியவரானால் புத்தகத்தில் இருக்கும் பெயரையே போடுங்கள். டாக்டர், பேராசிரியர், திரு எல்லாம் பட்டியலில் வேண்டாம்.

தமிழ் நூலைப் படித்து ஆங்கிலத்தில் ப்ராஜெக்ட் எழுதினால் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருளைத் தர வேண்டும். தாத்தாவின் அலமாரியில் இருக்கும் தமிழ் நூலைச் சேர்த்தால் டீச்சருக்குப் படிக்க முடியாதே என்று தயங்க வேண்டியதில்லை. வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத மூலம் அது.

6. எதற்கு ஆதாரம் வேண்டும், எதற்கு வேண்டாம்

'பெங்களூரு கர்நாடகத்தின் தலைநகர்' என்பதற்கு வேண்டாம். எண், தேதி சார்ந்த விவரம், ஒருவரின் கருத்து, ஆய்வு முடிவு, படம், வரைபடம் எல்லாவற்றுக்கும் வேண்டும்.

எண்ணுக்கு ஏன் என்று பிள்ளை கேட்டால் இந்த உதாரணத்தைக் காட்டுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெங்களூரின் மக்கள்தொகை என்ன? ஒரு பிள்ளை 96,21,551 என்று எழுதும், இன்னொன்று 84,43,675 என்று எழுதும். இரண்டும் சரி. முதலாவது பெங்களூரு நகர மாவட்டம். இரண்டாவது அப்போதைய மாநகராட்சி எல்லை. எந்த அட்டவணையிலிருந்து எடுத்தது என்று குறித்த பிள்ளை தப்பிக்கும். குறிக்காத பிள்ளை டீச்சர் கேட்டால் முழிக்கும். 2001-இல் மாவட்டத்தின் எண்ணிக்கை 65,37,124; பத்தாண்டில் 47 சதவீத வளர்ச்சி. ஒரு எண்ணை மாவட்டத்திலிருந்தும் மற்றதை மாநகராட்சியிலிருந்தும் எடுத்துக் கழித்தால் இந்த வளர்ச்சியே தவறாகிவிடும்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். 2014 நவம்பர் 1-இல்தான் அதிகாரபூர்வமாக பெங்களூரு ஆனது. அதற்கு முந்தைய நூலின் தலைப்பில் பழைய பெயர் இருந்தால் பட்டியலில் பழைய பெயரே இருக்கட்டும், திருத்தாதீர்கள்.

சொந்தச் சொல்லில் எழுதினாலும் ஆதாரம் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். 'நான்தானே எழுதினேன்' என்பார்கள். வாக்கியம் அவர்களுடையது, தகவல் இன்னொருவருடையது. அந்த வாக்கியமும் உண்மையில் அவர்களுடையதாக இருக்க வேண்டும். நாலு சொல்லை மட்டும் மாற்றிப் போடுவது காப்பிதான். இதற்கு நம் வீடுகளில் சுலபமான வழி உண்டு. ஆங்கிலத்தில் பத்தியைப் படிக்கட்டும், புத்தகத்தை மூடிவிட்டு உங்களிடம் தமிழில் சொல்லட்டும், பிறகு உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதட்டும். நடுவில் தமிழ் வந்துவிட்டால் மூலத்தின் வாக்கிய அமைப்பு தானாகவே உதிர்ந்துவிடும். தமிழில் சொல்ல முடியாமல் திணறினால் பத்தி புரியவில்லை என்று அர்த்தம். மறுபடி படிக்க வேண்டும். எழுதி முடித்ததும் எண்ணும் தேதியும் சரியா என்று மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

7. புத்தகம் அல்லாத மூலங்கள்

விக்கிபீடியா: தொடங்க நல்ல இடம், முடிக்க அல்ல. கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களைத் திறந்து, படித்து, அவற்றைக் குறியுங்கள். திறந்து படிக்காததைக் குறிக்கக் கூடாது. விக்கிபீடியாவையே குறிக்கத்தான் வேண்டுமென்றால், கருவிகள் பட்டியலில் மேற்கோள் காட்டுவதற்கென்றே ஒரு இணைப்பு இருக்கிறது. அது தரும் முகவரி அன்றைய பதிப்புக்கே போகும். நாளை யாராவது திருத்தினாலும் பிள்ளை பார்த்த பக்கம் மாறாது.

செய்தித்தாள்: நாளிதழ், முழுத் தேதி, தலைப்பு, பக்கம் வேண்டும். 'சிறப்பு நிருபர்' என்பது ஆள் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் வரும் பேப்பர் கட்டிங்கில் தேதி இருக்காது. அந்தத் தலைப்பைத் தேடி அசலைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பெள்ளந்தூர் ஏரியில் நுரை, தீ பற்றிய செய்திகள் பல ஆண்டுகளில் வந்திருக்கின்றன. தேதியில்லாத கட்டிங் எந்தத் தீயைச் சொல்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அரசுத் தளங்கள்: முகவரி திடீரென்று மாறும். பிபிஎம்பி என்ற பழைய பெங்களூரு மாநகராட்சி போய் அதன் இடத்தில் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. பழைய பக்கங்கள் எவ்வளவு நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. பார்த்த அன்றே, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். இலவசம்தான், ஒரு நிமிட வேலை. அது தரும் முகவரியையும் சீட்டில் எழுதுங்கள்.

படம்: 'கூகுள் இமேஜஸ்' ஒரு மூலம் ஆகாது. படத்தைத் திறந்து, அது இருக்கும் பக்கத்துக்குப் போய் எடுத்தவர் பெயரைப் பாருங்கள். விக்கிமீடியா காமன்ஸ் படங்களில் எடுத்தவர் பெயரும் உரிமமும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஸ்டேஷனரி கடையில் வாங்கும் பிக்சர் சார்ட்டுக்கும் இதே விதி. வெளியிட்டவர் பெயரும் சார்ட் தலைப்பும் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பிள்ளை படத்தை வெட்டி ஒட்டிவிட்டு அந்த ஓரத்தைக் குப்பையில் போட்டுவிடும். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

தகவல் பலகை: லால்பாக் பாறையில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் வைத்த கல்வெட்டு, கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் பலகைகள் எல்லாமே நல்ல மூலங்கள்தாம். பலகையைப் படம் எடுங்கள். வைத்த நிறுவனம், பலகைத் தலைப்பு, இடம், பார்த்த தேதி, இவ்வளவும் சீட்டில் வர வேண்டும்.

பேட்டி: பாட்டியோ பக்கத்து வீட்டுத் தாத்தாவோ இந்திராநகரில் நூறடி ரோடு எப்படி இருந்தது என்று சொன்னால் அதுவும் மூலம். பெயர் போடலாமா என்று முதலில் கேட்கட்டும். எம்எல்ஏவில் பேட்டி பட்டியலில் வரும்: பெயர், நேரில் பேட்டி, தேதி. ஏபிஏவில் பட்டியலில் வராது, வரிக்குள் மட்டும் 'தனிப்பட்ட தொடர்பு' என்று தேதியோடு வரும். பேட்டியைப் பட்டியலில் சேர்த்துவிடுவது ஏபிஏவில் அடிக்கடி நடக்கும் பிழை.

8. செயற்கை நுண்ணறிவு தரும் பட்டியலை நம்பாதீர்கள்

சாட்ஜிபிடியிடம் 'இதற்கு ஐந்து ஆதாரம் கொடு' என்றால் கொடுக்கும். ஆசிரியர், இதழ், பக்கம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். சில வேளை அந்தக் கட்டுரையே உலகத்தில் இருக்காது. ஒவ்வொன்றையும் தேடிக் கண்ணால் பார்க்க வேண்டும். டிஓஐ எண் (ஆய்வுக் கட்டுரைக்கு இணையத்தில் தரும் தனி அடையாள எண்) இருந்தால் doi.org என்ற தளத்தில் போட்டுத் திறந்து பாருங்கள். அது 10 என்ற எண்ணில்தான் தொடங்கும். திறக்கும் கட்டுரையின் தலைப்பும் பட்டியலில் உள்ள தலைப்பும் ஒன்றா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் உண்மையான எண்ணைப் பொய்த் தலைப்போடு சேர்த்துத் தருவதும் உண்டு.

பள்ளி அனுமதித்துப் பயன்படுத்தினால் மறைக்க வேண்டாம். எம்எல்ஏவில் அதை ஆசிரியராகக் காட்டுவதில்லை. கேட்ட கேள்வி, கருவியின் பெயர், பதிப்பு, நிறுவனம், தேதி என்று வரும். ஏபிஏவில் நிறுவனம் ஆசிரியர் இடத்தில் வரும்.

9. கருவிகள்

காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கூகுள் டாக்ஸில் கருவிகள் பட்டியலுக்குள் மேற்கோள் வசதி இருக்கிறது, எம்எல்ஏவும் ஏபிஏவும் உண்டு. பட்டியல் போட்டுத் தரும் ஸோட்டேரோபிப் தளம் இலவசம், கணக்கும் தொடங்க வேண்டாம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே மேற்கோள் பொத்தான் இருக்கும். மூன்றுமே தவறு செய்யும்: பெயர் திரும்பும், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வரும், தேதி விட்டுப்போகும். மூலச்சீட்டோடு ஒப்பிடாமல் ஒட்டக் கூடாது.

10. நாள் கணக்கும் கடைசிச் சரிபார்ப்பும்

தசரா விடுமுறையில் கொடுக்கும் ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், கையில் பதினைந்து நாள் இருக்கும். முதல் இரண்டு நாள் மூலம் தேட, சீட்டுப் போட. பிறகு நான்கைந்து நாள் படிக்க, குறிப்பெடுக்க. எழுத ஐந்து நாள். எழுதும்போதே வரிக்குள் ஆதாரம் போய்விட வேண்டும், 'அப்புறம் போடுகிறேன்' என்றால் போடவே மாட்டார்கள். பட்டியலுக்கு ஒரு மாலை போதும். மிச்சம் இருக்கும் நாட்கள் காய்ச்சலுக்கும் ஊருக்குப் போவதற்கும் பிரிண்டர் மக்கர் பண்ணுவதற்கும்.

பட்டியல் முடிந்ததும் பென்சிலோடு உட்காருங்கள். வரிக்குள் இருக்கும் ஒவ்வொரு பெயரும் (ஏபிஏவில் பேட்டி தவிர) பட்டியலில் இருக்கிறதா? எம்எல்ஏ, ஏபிஏ இரண்டிலும் பட்டியலில் இருப்பது ஒவ்வொன்றும் வரிக்குள் ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டும். பக்கத்தை நிரப்பப் புத்தகங்களைச் சேர்ப்பது முதலில் மாட்டும். அகர வரிசை பாருங்கள். ஒவ்வொரு ஆதாரத்திலும் இரண்டாம் வரி உள்தள்ளி இருக்க வேண்டும். ஸ்பைரல் போடுவது இதற்கெல்லாம் அப்புறம்தான். பிரித்துத் திரும்பப் போட்டால் இரண்டாவது தடவையும் காசு.

எழுத்தை மற்ற மூலங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்ன்இட்டின் மென்பொருளைப் பள்ளி பயன்படுத்தினால் சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது ஒற்றுமையைத்தான் காட்டுகிறது, திருட்டை அல்ல. சரியாகக் குறித்த மேற்கோளும் பட்டியலும் கூட அதில் கணக்காகும். அவற்றை நீக்கிப் பார்க்கும் வசதி டீச்சரிடம் உண்டு.

வைவா (வாய்மொழித் தேர்வு) இருக்கும் வகுப்பானால் சீட்டுகளையும் ஜெராக்ஸ் பக்கங்களையும் ஒரு ஃபைலில் போட்டு அன்று பையில் வைத்து அனுப்புங்கள். 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்குப் பிள்ளை அந்தச் சீட்டையே எடுத்து நீட்டலாம். மதிப்பெண் கைக்கு வரும்வரை அந்த ஃபைலைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.